தானாகச் சுற்றாத தண்ணீர்

கனடாவில் காலைச் சாப்பாட்டை ஒத்திவைத்தும், அவுஸ்திரேலியாவில் நித்திரையை விட்டும் இணைந்திருக்கும் நண்பர்களுக்கு முதலில் நன்றி. நாவலும் கவிதையும் பேசும் இந்த அரங்கில் ஒரு தாதி கொதிகலனைப் பற்றி என்ன சொல்லப் போகிறாள் என்று சிலர் யோசிக்கலாம். 'வரலாறு எதுவானாலும் சரி அக்கா, நீங்களே தெரிவு செய்யுங்கள்' என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். நான் வாழும் கீல், ஜேர்மனியின் வடக்கே கப்பல் கட்டிப் பெயர் எடுத்த நகரம். என் தொழிலோ நீராவி இல்லாமல் ஒரு நாளும் நடக்காது. சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போகும் ஒவ்வொரு கத்தரிக்கோலும் நீராவிக்குள் இருந்து வெளியே வந்ததுதான். இந்த ஊரும் இந்தத் தொழிலும் சேர்ந்து என்னைக் கொதிகலனின் வரலாற்றுக்குள் இழுத்துவிட்டன.

இன்று நான் பின்தொடரப் போவது ஒரே ஒரு கேள்வியை. கொதிகலனுக்குள் இருக்கும் தண்ணீர் தானாகச் சுற்றுகிறதா, அல்லது யாராவது அதைச் சுற்ற வைக்க வேண்டுமா?

முதலில் ஓர் அகதியில் இருந்து தொடங்குகிறேன். டெனிஸ் பாப்பின் பிரான்ஸ் நாட்டவர். மருத்துவம் படித்தவர். ஹியூகனோ என்று அழைக்கப்பட்ட புரட்டஸ்தாந்து கிறிஸ்தவர்களில் ஒருவர். இலண்டனில் இருந்தபோது, 1679இல், இறுக மூடிய ஓர் இரும்புப் பாத்திரத்தை அரச கழகத்தாருக்குக் காட்டினார். அதற்குள் வைத்த எலும்புகூட மென்மையாகி வெந்தது. பாத்திரம் வெடிக்காமல் இருக்க மூடியில் ஒரு துளை இட்டு, அதன்மேல் எடை தொங்கும் ஒரு நெம்புகோலை வைத்தார். உள்ளே அழுத்தம் மிஞ்சினால் நீராவி எடையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் விசிலுக்கு மூதாதை அதுதான். 1682இல் அந்தப் பாத்திரத்தில் சமைத்த இராவுணவை அரச கழகத்தாருடன் சேர்ந்து உண்டதை ஜோன் ஈவ்லின் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பிரான்ஸ் ஹியூகனோக்களின் வழிபாட்டு உரிமையைப் பறித்தது. பாப்பினால் ஊர் திரும்ப முடியவில்லை. ஜேர்மனியில் மார்பேர்க் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தார். கடைசிக் காலத்தில் இலண்டனில் வறுமையோடு வாழ்ந்தார். நாடு விட்டு நாடு போனவர்களின் கைகளில் அறிவும் பயணம் செய்கிறது என்பதற்கு அவர் ஒரு பழைய சாட்சி.

பாப்பின் கண்டதை ஒரு வரியில் சொல்லலாம். திறந்த கேத்திலில் தண்ணீர் 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறாது, மூடி அழுத்தினால் ஏறும். அந்த மேலதிக 21 பாகையில்தான் எங்கள் தொழில் நிற்கிறது. 1879இல் பாஸ்டரின் உதவியாளர் சார்ள்ஸ் ஷம்பர்லான் செய்த கிருமிநீக்கி பாப்பினின் பாத்திரத்துடைய வழித்தோன்றல். 100 பாகையில் சாகாத கிருமி வித்துகள், 121 பாகை நீராவியில் 15 நிமிடத்தில் சாகும். 134 பாகையில் 3 நிமிடம் போதும். நான் யாழ்ப்பாணத்தில் தாதியப் பயிற்சி பெற்றபோது, முள்ளைப் பார்த்து, நேரத்தைக் குறித்து, கையெழுத்துப் போடாமல் அந்த இயந்திரத்தைவிட்டு நகரக் கூடாது என்று பழக்கினார்கள். அழுத்தத்தின்மேல் எனக்கு மரியாதை வந்தது அங்கேதான்.

வைத்தியசாலை இயந்திரத்துக்கு 2 அல்லது 3 பார் அழுத்தம் போதும். தொழிற்சாலைக்கும் கப்பலுக்கும் அது போதாது. 19ஆம் நூற்றாண்டின் கொதிகலன்கள் பெரும்பாலும் பெரிய இரும்பு உருளைகள். உருளை நிறையத் தண்ணீர், அதன் நடுவே போகும் குழாய்களில் நெருப்பும் புகையும். அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் சாதாரணத் தண்ணீர் அல்ல. 10 பார் அழுத்தத்தில் அதன் சூடு 180 பாகை. உருளை கிழிந்து அழுத்தம் விடுபட்டால், அந்தத் தண்ணீரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு உடனே நீராவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் நீராவியாகும்போது 1,600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும். தொன் கணக்கில் தண்ணீர் இருந்தால் அது கொதிகலன் அல்ல, குண்டு.

1865 ஏப்ரல் 27ஆம் தேதி அதிகாலை அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் நடந்தது அதுதான். உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு விடுதலையான வடபுலச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு சுல்தானா என்ற நீராவிப் படகு வடக்கே போனது. சட்டப்படி 376 பேர் ஏற வேண்டிய படகில் 2,000 பேருக்கு மேல் இருந்தார்கள். விக்ஸ்பேர்க்கில் நின்றபோது ஒரு கொதிகலன் கசிந்தது. முழுமையாகப் பழுதுபார்க்க நாட்கள் செல்லும், அதற்குள் அரசு தலைக்கு இவ்வளவு என்று பணம் கொடுக்கும் பயணிகள் வேறு படகுக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒரு தகட்டை ஒட்டுப் போட்டுப் புறப்பட்டார்கள். மெம்பிசைத் தாண்டியதும் கொதிகலன்கள் வெடித்தன. இறந்தவர்கள் 1,100க்கும் அதிகம். சிறையில் உயிர் பிழைத்தவர்கள் வீடு போகும் வழியில் செத்தார்கள். லிங்கன் கொல்லப்பட்டு இரண்டு வாரமே ஆகியிருந்ததால் பத்திரிகைகளில் இவர்களுக்குக் கிடைத்த இடம் கொஞ்சம்தான்.

பொறியியலாளர்கள் கண்ட விடை, உள்ளதை வெளியே மாற்றுவது. குழாய்க்குள் நெருப்பும் வெளியே தண்ணீரும் என்பதைத் திருப்பி, குழாய்க்குள் தண்ணீரையும் வெளியே நெருப்பையும் வைத்தார்கள். 1867இல் பாப்கொக், வில்கொக்ஸ் இருவரும் காப்புரிமை பெற்ற நீர்க்குழாய்க் கொதிகலன் இந்த வகையில் பெயர்பெற்றது. சிறிய குழாய் பெரிய உருளையைவிட அழுத்தத்தைத் தாங்கும். ஒரு குழாய் கிழிந்தாலும் சேதம் ஓரளவோடு நிற்கும்.

இந்தக் கொதிகலனில் தண்ணீரைச் சுற்ற வைக்க எந்த இயந்திரமும் இல்லை. நெருப்பில் நிற்கும் குழாயில் தண்ணீரும் நீராவிக் குமிழிகளும் கலந்து இலேசாகின்றன. நெருப்பு படாத குழாயில் தண்ணீர் கனமாக நிற்கிறது. கனமானது கீழே இறங்க, இலேசானது மேலே ஏறுகிறது. மேலே உள்ள பீப்பாய் போன்ற கலத்தில் நீராவி பிரிந்து போக, மிச்சத் தண்ணீர் மறுபடி கீழே இறங்குகிறது. அடுப்பில் சோறு கொதிக்கும்போது அரிசி நடுவே எழும்பி ஓரமாக இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுழற்சிதான். நெருப்பு கூடினால் சுழற்சியும் கூடும். இதை இயற்கைச் சுழற்சி என்கிறார்கள்.

அந்தச் சுழற்சி குழாய்களின் உயிரையும் காக்கிறது. அடுப்பின் புகை 1,000 பாகைக்கு மேல் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் உருக்குக் குழாய் உருக்குலையாமல் நிற்பதற்குக் காரணம், உள்ளே ஓடும் தண்ணீர் சூட்டை உடனுக்குடன் எடுத்துக்கொண்டு போவது. ஓட்டம் நின்றால் குழாயின் உட்சுவரில் நீராவி ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். நீராவி தண்ணீரைப் போல் சூட்டை வாங்காது. குழாய் சிவந்து, இளகி, வீங்கி, கிழியும். இரத்தம் போகாத விரல் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். கொதிகலனிலும் அப்படித்தான், அங்கே நாட்கள் செல்லாது, நிமிடங்கள் போதும்.

20ஆம் நூற்றாண்டில் மின்நிலையங்கள் பெருத்தன. ஒரே நிலக்கரியில் கூடுதல் மின்சாரம் எடுக்க வேண்டுமானால் நீராவியின் அழுத்தமும் சூடும் கூட வேண்டும். 1920களில் பொறியியலாளர்கள் 100 பாரைத் தாண்டி யோசிக்கத் தொடங்கினார்கள். அங்கே இயற்கை ஒரு தடை போட்டது.

சில எண்களைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இதற்குள் இருக்கிறது. திறந்த கேத்திலில் தண்ணீர் நீராவியைவிட 1,600 மடங்கு கனமானது. 10 பார் அழுத்தத்தில் அந்த வேறுபாடு ஏறத்தாழ 170 மடங்காகக் குறைகிறது. 100 பாரில் 12 மடங்கு. 180 பாரில் 4 மடங்கு. 221 பாரில், 374 பாகையில், வேறுபாடே இல்லை. தண்ணீர் எது, நீராவி எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை அது. அழுத்தம் கூடக் கூட, தண்ணீரைச் சுற்ற வைத்த கனவேறுபாடு மெலிந்துகொண்டே போகிறது. குழாய்களுக்கு ஓட்டம் மிக அவசியமான இடத்தில், இயற்கையின் கை தளர்கிறது.

அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய வால்டர் டக்ளஸ் லா மொன்ட் 1920களின் நடுவில் முன்வைத்த விடை மிக எளியது. தானாகச் சுற்றாவிட்டால் பம்ப் வைத்துச் சுற்றுவோம் என்றார். வலிந்த சுழற்சி என்பது இதுதான்.

இங்கே இரண்டு பம்ப்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும், பலரும் குழம்பும் இடம் இது. ஒன்று ஊட்டும் பம்ப். நீராவியாகிப் போன அளவுக்குப் புதிய தண்ணீரை அழுத்தி உள்ளே அனுப்பும். எல்லாக் கொதிகலனிலும் இது உண்டு. மற்றது சுற்றும் பம்ப். உள்ளே ஏற்கெனவே இருக்கும் தண்ணீரைக் கலத்தில் இருந்து எடுத்துக் குழாய்கள் வழியாக ஓட்டி மறுபடி கலத்துக்கே கொண்டுவரும். எங்கள் மொழியில் சொன்னால், முன்னது நாளத்தில் ஏற்றும் சேலைன். பின்னது இதயம்.

சுற்றும் பம்ப் மிகப் பெரிய வேலை செய்வதில்லை. கலத்தில் 100 பாருக்கு மேல் அழுத்தம் இருந்தாலும், பம்ப் அதற்குமேல் ஏறத்தாழ இரண்டரை பார்தான் கூட்டுகிறது. குழாய்களின் உராய்வை வென்றால் போதும். ஆனால் நீராவியாகும் அளவைப் போல் 8 முதல் 10 மடங்கு தண்ணீரை அது ஓட்டுகிறது. ஒரு சுற்றில் பத்தில் ஒரு பங்குதான் நீராவியாகும். மிச்சம் ஒன்பது பங்கு குழாய்ச் சுவரை நனைத்துக் காப்பதற்கு.

லா மொன்ட் அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்னத் துளை. நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள் ஒரே பெருங்குழாயில் இருந்து பிரிகின்றன. விட்டுவிட்டால் தண்ணீர் தடை குறைந்த குழாயைத் தேடிப் போகும், நீளமான குழாய் வறண்டு எரியும். அதனால் ஒவ்வொரு குழாயின் வாயிலும் அளந்து துளையிட்ட ஒரு முனையை வைத்தார். யாருக்கு எவ்வளவு என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கிறது. நம் உடலில் சிறு நாடிகள் செய்யும் வேலையும் இதுவே. இதயம் நிமிடத்துக்கு 5 லீற்றர் அளவில் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் சிறுநீரகத்துக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவு என்று பங்கிடுவது விரிந்தும் சுருங்கியும் நிற்கும் சிறு நாடிகள். உடலின் துளை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். லா மொன்டின் துளை மாறாது. வேறுபாடு அவ்வளவுதான்.

பம்ப் வந்ததும் குழாய்க்கு விடுதலை கிடைத்தது. தண்ணீர் தானாக ஏற வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. ஆகவே குழாய் செங்குத்தாக நிற்க வேண்டியதில்லை, படுக்கலாம், வளையலாம், சுருளலாம். கொதிகலன் சிறுத்தது, உள்ளிருக்கும் தண்ணீரும் குறைந்தது, நீராவி விரைவில் எழுந்தது. இடமும் எடையும் நெருக்கும் கப்பலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இதே காலத்தில் மார்க் பென்சன் இன்னும் ஒரு படி போனார். 1922இல் அவர் காப்புரிமை பெற்ற அமைப்பில் கலமே இல்லை. ஒரு முனையில் தண்ணீரைத் தள்ளினால் மறுமுனையில் நீராவியாகவே வெளிவரும். சீமென்ஸ் நிறுவனம் அந்த உரிமையை வாங்கி, 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் அப்படியொரு கொதிகலனை இயக்கியது. இன்றைய மிகப்பெரிய மின்நிலையங்கள் பல பென்சனின் வழியில் வந்தவை.

இவ்வளவுக்கும் ஒரு விலை உண்டு. பழைய உருளைக் கொதிகலன் தொன் கணக்கில் தண்ணீரை வைத்திருந்தது. கவனிப்பவர் கொஞ்சம் அசந்தாலும் தண்ணீர் மட்டம் குறைய நேரம் எடுக்கும். வலிந்த சுழற்சிக் கொதிகலனில் தண்ணீர் குறைவு, நெருப்பு உக்கிரம். பம்ப் தடுமாறினால் அவகாசம் சொற்பம். கொதிநிலையில் இருக்கும் தண்ணீரை இழுப்பது பம்புக்கும் கடினம். கலத்தின் அழுத்தம் திடீரென்று விழுந்தால், பம்பின் வாயிலேயே தண்ணீர் குமிழியிட்டுப் பிடி விட்டுப்போகும். தண்ணீரில் உப்போ சுண்ணமோ இருந்தால் மெல்லிய குழாய்களில் படிந்து சூட்டை அடைக்கும். சின்னத் துளையில் ஒரு துகள் சிக்கினால் அந்தக் குழாய் எரியும். சிறுநீரக நோயாளிகளுக்கான குருதிச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை செய்தவர்களுக்கு இந்தப் பயம் புரியும். அங்கேயும் பம்பின் ஓட்டமும் தண்ணீரின் தூய்மையும்தான் எல்லாமே. இயற்கை செய்த வேலையை நாம் எடுத்துக்கொண்டால், இயற்கை செய்த காவலையும் நாமே செய்ய வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்ல எங்கள் கீல் நகரத்துக் கப்பல் ஒன்று இருக்கிறது. பிரின்ஸ் ஒய்கன் என்ற பாரப் போர்க்கப்பல் இங்குள்ள கட்டுதளத்தில் உருவாகி 1938 ஆகஸ்டில் கடலில் இறங்கியது. ஹிட்லரின் கடற்படைக்காகக் கட்டியது. அதைப் புகழ எனக்கு ஒன்றுமில்லை, போரைத் தெரிந்த ஊரில் இருந்து வந்தவள் நான். ஆனால் அதன் இயந்திர அறையின் கதையைச் சொல்ல வேண்டும். அமெரிக்கக் கடற்படைக்காரர் ஒருவர் யோசித்த லா மொன்ட் முறை ஜேர்மனியில் வளர்ந்து, 12 உயர் அழுத்தக் கொதிகலன்களாக இந்தக் கப்பலுக்குள் வந்திருந்தது. உயர் அழுத்த நீராவி ஜேர்மன் கடற்படைக்கே பெரும் தலைவலி. அதன் நாசகாரிக் கப்பல்கள் அடிக்கடி பழுதாகி நின்றன. இயந்திர அறையில் இருந்தவர்கள் எந்த வால்வு எப்போது முரண்டு பிடிக்கும் என்று பட்டுப் பட்டுப் படித்தார்கள்.

போர் முடிந்து கப்பல் அமெரிக்காவுக்குப் பங்காகப் போனது. 1946 ஜனவரியில் அது அத்லாந்திக்கைக் கடந்தபோது 550க்கும் மேற்பட்ட ஜேர்மன் மாலுமிகள் உடன் போனார்கள். அமெரிக்கர்கள் நூறு பேர்கூட இல்லை. நேற்றைய எதிரிகள் பக்கத்தில் நின்று வேலை கற்றார்கள். பனாமாக் கால்வாய் வழியாகப் பசிபிக் கரைக்கும் கப்பல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் கடைசி ஜேர்மன் மாலுமிகளும் இறங்கி ஊர் போனார்கள். அதன்பின் 12 கொதிகலன்களில் 11 செயலிழந்தன. கப்பலைக் கட்டி இழுத்துத்தான் பிகினித் தீவுக்குக் கொண்டு போனார்கள். அங்கே 1946 ஜூலையில் நடந்த இரண்டு அணுகுண்டுச் சோதனைகளிலும் அது மூழ்கவில்லை. கதிரியக்கம் படிந்ததால் யாரும் கிட்டப் போய்ப் பழுதுபார்க்க முடியவில்லை. சிறு கசிவுகள் பெருகி, டிசம்பர் 22ஆம் தேதி குவாஜலின் தீவருகே கவிழ்ந்தது. அதன் சுழல்விசிறிகளில் ஒன்றை 1979இல் எடுத்து வந்து, கீல் வளைகுடாவில் உள்ள லபோ நினைவிடத்தில் வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் அதில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு அணுகுண்டுகள் செய்யாததை, ஆட்கள் இறங்கிப் போனது செய்தது என்று சொல்வது மிகையாக இருக்கலாம். போரில் தேய்ந்த இயந்திரம், கிடைக்காத உதிரிப்பாகம் என்று வேறு காரணங்களையும் எண்ண வேண்டும். ஆனாலும் அந்தக் கொதிகலன்களை ஓட வைத்த அறிவில் ஒரு பங்கு கைநூலில் இல்லை, கைகளில் இருந்தது. அந்தக் கைகள் கப்பலை விட்டு இறங்கியபோது அறிவும் இறங்கிப் போயிற்று.

இதைப் படித்த நாளில் இருந்து என் மனதில் நிற்பது எங்கள் பணிமாற்ற நேரம். இரவுத் தாதி காலைத் தாதிக்கு நோயாளியை ஒப்படைக்கும் அந்தக் கால்மணி நேரம். இன்று உலகின் பல வைத்தியசாலைகளில் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. இந்த நான்கு படிகளும் மருத்துவத்தில் பிறந்தவை அல்ல. அமெரிக்கக் கடற்படையின் அணுநீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து, 2000களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனென்டே மருத்துவ நிறுவனம் வழியாக எங்களிடம் வந்தவை. அந்த நீர்மூழ்கிகளின் அணுவுலைகளிலும் சூட்டை எடுத்துச் செல்வது பம்ப் தள்ளிச் சுற்றும் உயர் அழுத்தத் தண்ணீர்தான். சுற்றோட்டத்தை நம்பி வாழ்ந்த மாலுமிகள், ஒப்படைப்பின் அருமையை அறிந்திருந்ததில் வியப்பில்லை.

இது நம் ஊர்களுக்கும் தூரமான விஷயம் அல்ல. 1965இல் செக்கோஸ்லோவாக்கியாவின் துணையோடு திருச்சிராப்பள்ளியில் தொடங்கிய பெல் உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை, பின்னர் 500 மெகாவாட் நிலையங்களுக்குச் சுற்றும் பம்ப் பொருத்திய கொதிகலன்களைச் செய்தது. ஒரு நாட்டுப் பொறியியலாளர்கள் இன்னொரு நாட்டுத் தொழிலாளர்களின் பக்கத்தில் நின்று கற்றுக் கொடுத்ததால்தான் அது சாத்தியமானது. வரைபடத்தை அனுப்பலாம். பற்றவைப்பவரின் கையை அனுப்ப முடியாது, அது பக்கத்தில் நின்றுதான் பழக வேண்டும்.

ஜேர்மனிக்கு இப்போது பல நாடுகளில் இருந்து தாதியர் வருகிறார்கள். ஓய்வு பெறும் மூத்தவர்கள் போகிறார்கள். ஒவ்வொரு விடுதியிலும் இயந்திரங்கள் கூடுகின்றன, பக்கத்தில் நின்று பழக்க நேரம் குறைகிறது. புதிதாக வருபவர் கைநூலைப் படித்துக்கொள்வார் என்று நிர்வாகங்கள் எண்ணுகின்றன. எனக்கு அந்தப் பதினொரு கொதிகலன்களின் நினைவு வருகிறது. புதியவரோடு பழையவர் சேர்ந்து நிற்கும் வாரங்களை வீண்செலவு என்று யாராவது சொன்னால், சுற்றும் பம்பும் வீண்செலவா என்று கேட்க வேண்டும். நீராவியாவது பத்தில் ஒரு பங்குதான். மிச்சத்தைச் சுற்ற விடாவிட்டால் குழாய் நிற்காது.

கேட்பவர்களில் மின்நிலையத்திலோ கப்பலிலோ வேலை செய்தவர்கள் இருந்தால், கேள்வி நேரத்தில் முதலில் நீங்கள் பேசுங்கள். நீங்கள் கையால் படித்ததைக் கேட்க ஆவலாக இருக்கிறேன்.